மதுரையில் பிறந்த சாண்ட்லர்... சிகாகோவில் பிறந்த முத்துசாமி!

நூலகங்களில் தடிதடியாக வரிசை கட்டி நிற்கும் ‘தமிழ் லெக்சிகன்’ தொகுதிகளைப் பார்த்திருப்பீர்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட ஆறு தொகுதிகள், 1939-ல் ஓர் அனுபந்தம். மொத்தம் 1,17,762 சொற்கள். அந்த அகராதி என்றாலே வையாபுரிப் பிள்ளையின் பெயர்தான் நினைவுக்கு வரும். நியாயம்தான். முடித்துக் கொடுத்தவர் அவர். ஆனால், 1913-ல் அந்த வேலையைத் தொடங்கிய முதல் பதிப்பாசிரியர் ஓர் அமெரிக்கர். பெயர் ஜே.எஸ்.சாண்ட்லர். அவர் பிறந்த ஊர், மதுரை!

1849-ல் மதுரையில் பிறந்து, படிப்பதற்காக அமெரிக்கா போய், யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பவும் மதுரைக்கே வந்தவர் அவர். அகராதி வேலையும் முதலில் மதுரையில்தான் தொடங்கியது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ இதழை நடத்திய மு.ராகவையங்கார் போன்ற பெரும் புலவர்கள் அதில் அமர்ந்து உழைத்தார்கள். அலுவலகம் சென்னைக்குப் போனது பிறகுதான்.

இந்த சாண்ட்லர் யார்? எந்த ஊர்க்காரர்கள் இவர்கள்? ‘சாண்ட்லர்’ என்றால் என்ன அர்த்தம்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டுபிடிப்பது ஆச்சர்யப்படும் அளவுக்குச் சுலபம். இதே கேள்விகளை மேலூர்ப் பக்கத்து முத்துசாமி ஒருவரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அங்கேதான் கதை திரும்புகிறது.

மெழுகுவத்திக்காரர் வம்சம்

அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து சேர்ந்தது 1834-ல். அமெரிக்கன் கல்லூரி, பசுமலைப் பள்ளிகள், மிஷன் ஆஸ்பத்திரி என்று மதுரைக்காரர்களுக்குப் பழகிப்போன பல பெயர்களின் ஆரம்பம் அதுதான். கோடைக்கானல் உருவானதும் இவர்களால்தான். சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பலரைப் பறிகொடுத்த பிறகு, 1845-ல் மலையேறி முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1847-ல் மதுரைக்கு வந்தவர் ஜான் எடி சாண்ட்லர். கூட மனைவி சார்லட். பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கான பயணம். இவரின் சொந்த ஊர், கனெக்டிகட் மாநிலத்தில் வுட்ஸ்டாக் என்ற விவசாயக் கிராமம். (பாட்டுத் திருவிழாவால் பேர்பெற்ற வுட்ஸ்டாக் வேறு, அது நியூயார்க் மாநிலம்.) வத்தலக்குண்டு, திண்டுக்கல் என்று சமவெளியெங்கும் சுற்றிய குடும்பம் இது.

வுட்ஸ்டாக் ஊருக்கே தனிக்கதை உண்டு. பாஸ்டன் பக்கத்தில் ராக்ஸ்பரி என்ற ஊரில் இடம் போதாமல், சில குடும்பங்கள் 1686-ல் காட்டைத் திருத்திக் குடியேறிய கிராமம் அது. அப்படிப் போனவர்களில் ஒருவர் ஜான் சாண்ட்லர். அவருடைய அப்பா வில்லியம், அம்மா ஆனிஸ். இங்கிலாந்தின் பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டு என்ற ஊரிலிருந்து 1637-ல் பிள்ளைகளோடு கப்பலேறி வந்தவர்கள். சில வருடங்களிலேயே வில்லியம் இறந்துபோக, ஆனிஸ்தான் பிள்ளைகளைக் கரையேற்றினார்.

இவ்வளவு விவரம் எப்படிக் கிடைத்தது? ஜார்ஜ் சாண்ட்லர் என்று ஒரு மருத்துவர். அதே வம்சம். ஊர் ஊராகக் கடிதம் எழுதி, சர்ச் பதிவேடு, உயில், நிலப்பத்திரம், கல்லறைக் கல்வெட்டு எல்லாவற்றையும் திரட்டி, ‘வில்லியம் - ஆனிஸ் சாண்ட்லர் வம்சாவளி’ என்று 1872-ல் ஒரு புத்தகமே போட்டுவிட்டார். 1883-ல் இரண்டாம் பதிப்பு. ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் புத்தகம்!

ஒரு டாக்டர் தனியாளாக இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், பெயர் மாறாமல் இருந்ததுதான். இங்கிலாந்தில் 13, 14-ம் நூற்றாண்டுகளிலேயே தொழில், ஊர், அப்பா பெயர் என்று ஏதோ ஒன்று குடும்பப் பெயராக உறைந்துபோனது. ஸ்மித் என்றால் கொல்லர். மில்லர், மாவரைக்கும் ஆலைக்காரர். சாண்ட்லர், மெழுகுவத்தி செய்து விற்பவர். பணக்கார வீட்டுக் கூடத்தில் தொங்கும் ‘சாண்டிலியர்’ சரவிளக்கும் அதே பிரெஞ்சு வேரிலிருந்து வந்த சொல்தான். தேன்மெழுகில் செய்வோர், மிருகக் கொழுப்பில் செய்வோர் என்று லண்டனில் அவர்களுக்கு இரண்டு தனித்தனிச் சங்கங்களே இருந்தன. நம் ஊர்ச் செட்டியார் கடையில் நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் வாங்கியதுபோல, அங்கே வெளிச்சத்தை சாண்ட்லரிடம் வாங்கினார்கள். பிறகு மெழுகுவத்தி போய்விட்டது, தொழில் போய்விட்டது, கடலும் தாண்டியாகிவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை.

ஆனாலும், அமெரிக்கப் பெயரிலும் ஏமாற்று உண்டு. ஜே.எஸ்.சாண்ட்லரில் ‘எஸ்’ என்பது ஸ்கட்டர். வேலூர் மருத்துவமனையால் நமக்குத் தெரிந்த ஸ்கட்டர் குடும்பத்துக்கும் இவருக்கும் ரத்த உறவா என்று யாராவது தேடிப் போனால் அலைச்சல்தான் மிச்சம். அந்தக் குடும்பத்தின் மூத்தவரான டாக்டர் ஜான் ஸ்கட்டர், 1840-களின் கடைசியில் மதுரையில் பணியாற்றியவர். அவர் பெயரைத்தான் குழந்தைக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால், கோடைக்கானலின் நூறாண்டு வரலாற்றை எழுதிய சார்லட் சாண்ட்லர் வைகாஃப் விஷயத்தில் நடுப்பெயர் பொய் சொல்லாது. ‘சாண்ட்லர்’ அவருடைய அம்மா பிறந்த வீட்டுப் பெயர். ‘சார்லட்’? 1847-ல் கப்பலில் வந்த பாட்டியின் பெயர்!

பேரன் என்றால் பெயரன்

பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது நமக்குப் புதிதா என்ன? பேரன், பேத்தி என்ற சொற்களே ‘பெயர்’ என்பதிலிருந்து வந்தவைதான். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். அதுதான் பேச்சில் பேரன் ஆனது. மூத்த பிள்ளைக்கு அப்பா வழித் தாத்தா பெயர் என்பது மதுரைச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் நேற்றுவரை எழுதாத சட்டம். கருப்பையா மகன் சோணை, சோணை மகன் கருப்பையா, மறுபடி சோணை.

வம்சம் தேடுகிறவர்களுக்கு இது வரமும் சாபமும். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பெயர் திரும்புவதால் சங்கிலியைப் பிடிக்கலாம். அதே காரணத்தால், ஒரே ஊரில் ஒரே தலைமுறையில் ஐந்து கருப்பையாக்கள் இருப்பார்கள். அண்ணன், தம்பி வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அதே தாத்தா பெயர்! வீட்டில் பெரியவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியாது என்பதால் மருமகள்கள் வைத்த பட்டப்பெயர் வேறு கூட இருக்கும்.

குடும்பப் பெயர் என்று ஒன்று தொடர்ந்து வராததுதான் நம் சிக்கல். இனிஷியல் இருக்கிறது. அது அப்பாவோடு சரி. தாத்தா அதில் இல்லை. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் ‘குடும்பப் பெயர்’ கட்டத்தைப் பார்த்துத் திணறாத தமிழர் இருக்க முடியாது.

விதிவிலக்குகள் மதுரையிலேயே உண்டு. சௌராஷ்டிர சமூகத்தினருக்கு வீட்டுப் பெயர் இருக்கிறது. டி.எம்.சௌந்தரராஜனின் ‘டி’ எந்த ஊர் என்று யோசித்திருக்கிறீர்களா? ஊர் இல்லை. ‘தொகுளுவ’ என்ற அவர்களின் குடும்பப் பெயர் அது. ‘எம்’ அப்பா மீனாட்சி அய்யங்கார். கிழக்கே செட்டிநாட்டுப் பக்கம் போனால் நகரத்தாருக்கு ‘விலாசம்’ உண்டு. நான்கைந்து எழுத்துகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றும் ஒரு முன்னோர். போதாததற்கு ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்ற கணக்கு. திருமணம் ஆனதும் புதுக் குடும்பம் ஒரு ‘புள்ளி’யாகக் கோயில் கணக்கில் ஏறிவிடும். வட்டிக்கடைக்காரர்களிடம் வம்சக் கணக்கும் தப்பாது!

மற்றவர்களுக்கு ‘வகையறா’தான். ‘பெரியகருப்பன் வகையறா’ என்றால் அந்தப் பெரியகருப்பன் எந்தக் காலத்து ஆள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால், கோயில் வரிக்கும் பங்காளித் தீட்டுக்கும் யார் யார் உள்ளே, யார் வெளியே என்பதில் சந்தேகமே வராது.

குமாஸ்தா எழுதியதே குடும்பப் பெயர்

இனி முத்துசாமிக்கு வருவோம். விம்பிள்டன் வென்ற முதல் கறுப்பின ஆண் வீரர் ஆர்தர் ஆஷ். அவர் 1977-ல் திருமணம் செய்துகொண்ட புகைப்படக் கலைஞரின் பெயர் ஜீன் மூத்துசாமி ஆஷ். 1951-ல் சிகாகோவில் பிறந்தவர். அப்பா ஜான் மூத்துசாமி, சிகாகோவின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர். ‘எபோனி’, ‘ஜெட்’ பத்திரிகைகளை நடத்திய ஜான்சன் நிறுவனத்தின் தலைமையகக் கட்டடம் இவர் வடிவமைத்தது. கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவு வழியாக அமெரிக்கா போன இந்திய வம்சாவளி அது.

அமெரிக்கர்கள் நாக்கில் ‘மௌட்டுசாமி’யாக உருளும் அந்தப் பெயர், சாட்சாத் நம் முத்துசாமி. ‘உ’ ஓசைக்கு பிரெஞ்சில் இரண்டு எழுத்து போடவேண்டும். நடுவில் ஒற்றை ‘எஸ்’ போட்டால் ‘ஸாமி’ மாறி ஒலிக்கும் என்பதால் இரட்டை ‘எஸ்’. அவ்வளவுதான்.

அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆங்கிலேயர்கள் மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் ஆள் பிடித்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும். 1854-ல் முதல் கப்பல் போன குவாதலூப்புக்கு மட்டும் 40,000-க்கும் மேற்பட்டோர். 1860-ல் சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பலில் தொடங்கி, 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதி சென்னையில் கப்பலேறியவர்கள். 1876-78 பஞ்சம், கிராமத்து ஜனங்கள் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொல்லும் அந்தக் கொடுமை, மதுரைச் சீமையைக் காலி செய்து அனுப்பியது. நடந்தே ராமேஸ்வரக் கரைக்குப் போய் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் கணக்கு தனி.

இறங்கிய இடத்தில் ஒரு குமாஸ்தா. தமிழ் தெரியாது. ‘பேர் என்ன?’, ‘முத்துசாமி’. காதில் விழுந்ததை எழுதினார். அடுத்த தலைமுறையில் பிள்ளைக்கு கிறிஸ்தவப் பெயர் வைத்தபோது அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக உறைந்தது. இங்கிலாந்தில் நூற்றாண்டுகளாக மெல்ல நடந்தது, இங்கே ஒரு பேனா இழுப்பில் நடந்து முடிந்தது. சிதம்பரம், ‘சிதாம்பரோம்’ ஆனார். குவாதலூப்பில் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை கேட்டு 1904-ல் தொடங்கி 1923 வரை போராடிய ஆன்ரி சிதாம்பரோமின் பெயர் அப்படி வந்ததுதான். ரீயூனியனின் அரசியல் தலைவர் ழான் பால் விராபுல்லே, வீரப்பிள்ளை வம்சம். தென்னாப்பிரிக்காவில் கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார், முனிசாமி ‘மூன்சாமி’ ஆனார்.

மனிதர்கள் மட்டுமா மாறினார்கள்? மதுரைவீரன் மார்த்தினிக்கில் ‘மால்தெவிடான்’, ரீயூனியனில் ‘மர்தெவிரின்’. ஊர் மறந்து, மொழி மறந்து, சொந்தப் பெயர் சிதைந்த பிறகும் குதிரையில் கத்தியோடு உட்கார்ந்திருக்கும் சாமியை விடவில்லை. மதுரை என்ற சொல்லை அந்தத் தீவுகளில் காப்பாற்றி வைத்திருப்பவர் அவர்தான்.

‘மதுரா ஜில்லா’ என்ற ஒற்றை வரி

இன்று அவர்களின் கொள்ளுப்பேரன், எள்ளுப்பேரன்கள் கையில் ஒரு நகலோடு மதுரை வந்து இறங்குகிறார்கள். வாங்கி வந்த காகிதம் நல்ல காகிதம்தான். நேட்டால் கப்பல் பட்டியலில் ஒப்பந்த எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம் வரை உண்டு. ‘இடது முழங்காலில் தழும்பு’ என்பது மாதிரியான ஒரு குறிப்பு மட்டுமே ஒரு மனிதரின் முழு உருவமாக மிஞ்சியிருக்கும். மொரீஷியஸின் மோகாவில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணங்களில், பிற்காலத்தில் வந்தவர்களுக்குப் புகைப்படமும் கிடைக்கும். அதைப் பார்த்து அழாமல் திரும்புகிறவர்கள் குறைவு.

ஆனால், ‘மதுரா ஜில்லா’ என்று எழுதியிருப்பதை நம்பி மதுரையில் மட்டும் தேடினால் போச்சு. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உருவாகும் வரை, அதன் பெரும்பகுதி மதுரா ஜில்லாவில்தான் இருந்தது. திண்டுக்கல் பிரிந்தது 1985-ல், தேனி 1996-ல். ஆக, அந்த ஒற்றை வரி கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ராமேஸ்வரம் கடற்கரை வரை எந்த ஊராகவும் இருக்கலாம். கிராமப் பெயர் இன்னும் மோசம். ‘பட்டி’ என்று முடியும் ஊர்கள் எத்தனை! புதுப்பட்டி, புதூர் எல்லாம் தாலுகாவுக்கு ஒன்றாவது இருக்கும்.

இங்கேதான் முன்னோரின் பெயர் கைகொடுக்கிறது. முத்துசாமி எந்த ஊரிலும் இருப்பார். ஆனால் ஒச்சு, ஒச்சம்மாள் என்றிருந்தால் உசிலம்பட்டிப் பக்கம் போகலாம். பாப்பாபட்டி ஒச்சாண்டம்மனின் பெயர் அது. சோணை என்றால் மதுரைக்கும் சிவகங்கைக்கும் நடுவே. மாயாண்டி, விருமாண்டி, அழகர், பாண்டி எல்லாம் தெற்கத்தி வாசனை அடிக்கும் பெயர்கள். நிரூபணம் ஆகாது, திசை காட்டும்.

அடுத்தது குலதெய்வம். வீட்டில் பாட்டி எந்தச் சாமிக்கு, என்ன படையல் போட்டார் என்பதைக் கேட்டுக்கொண்டு வந்தவர்களுக்குப் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. மகா சிவராத்திரி அன்று பங்காளிகள் அத்தனை பேரும் குலதெய்வக் கோயிலுக்கு வருவார்கள். எழுதாத வம்சாவளிப் புத்தகம் அன்றைக்கு ஒருநாள் திறந்திருக்கும். கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் நான்கு பெயர் சொன்னால், ‘கப்பலுக்குப் போனவன்’ என்று ஒரு வகையறாவில் விட்டுப்போன கிளையைச் சொல்லக்கூடும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் வேலை கொஞ்சம் சுலபம். இயேசு சபையின் மதுரை மாகாண ஆவணக் காப்பகம் கோடைக்கானல் செண்பகனூரில் இருக்கிறது. அமெரிக்க மிஷன் ஆவணங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹவுட்டன் நூலகத்தில். அரசு ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

தர்மசங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கப்பல் காகிதத்தில் சாதி எழுதியிருக்கும். டர்பனில் பிறந்து வளர்ந்தவருக்கு அது ஒரு சொல். இங்கே வந்து கிராமத்தில் அதைப் படித்துக் காட்டினால், எந்தத் தெருவுக்குக் கூட்டிப் போவது என்பதையே அது முடிவு செய்துவிடும். கப்பலேறும்போதே சிலர் சாதியை மாற்றிச் சொன்னதும் உண்டு. கடல் தாண்டிய பிறகு பட்டப்பெயரைச் சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. தப்பு சொல்ல என்ன இருக்கிறது? விட்டு விடுதலையாகத்தானே போனார்கள்! ஆகவே ‘பிள்ளை’ என்றும் ‘கோவெண்டர்’ என்றும் முடிகிற பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது.

வேருக்கு ஒரு விண்ணப்பப் படிவம்

இது வெறும் உணர்ச்சி விஷயம் மட்டும் இல்லை. வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை, அதாவது ஓசிஐ, இந்தியக் குடிமகனாக இருந்தவரின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் வரைக்கும்தான் பொதுவாகக் கிடைக்கும். 1860-ல் போனவரின் வம்சத்துக்கு அந்தக் கணக்கு எட்டாது. இதற்காகவே மொரீஷியஸ் நாட்டில் ஏழாவது தலைமுறைக்கும் அட்டை உண்டு என்று 2024 மார்ச்சில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அங்கே போனபோது அறிவித்தார். டிரினிடாட் நாட்டின் ஆறாவது தலைமுறைக்கு 2025 ஜூலையில் பிரதமர் மோடி அறிவித்தார். அறிவிப்பு சரி. ‘இவர் அவருடைய பேரன்தான்’ என்று ஒவ்வொரு கண்ணியையும் காகிதத்தில் காட்டவேண்டுமே! ஒரு குமாஸ்தா கூடுதலாகப் போட்ட ஓர் எழுத்து, பெயர் பொருந்தவில்லை என்று 150 வருடம் கழித்து விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பலாம்.

பெயர்க் குழப்பம் பழைய கதை என்றும் நினைக்க வேண்டாம். கூகுள் நிறுவனத்தின் சுந்தர் பிச்சை 1972-ல் பிறந்தது மதுரையில். ‘பிச்சை’ அவருடைய அப்பாவின் பெயர். அமெரிக்காவில் அது குடும்பப் பெயராகிவிட்டது. பிறந்த குழந்தைகள் தங்காமல் போனால் அடுத்த குழந்தையைச் சாமி போட்ட பிச்சையாக நினைத்து அந்தப் பெயர் வைப்பது நம் பக்கத்து வழக்கம். இருநூறு வருடம் கழித்து கலிஃபோர்னியாவில் ஒருவர் ‘பிச்சை’ எந்தத் தொழிலைக் குறிக்கும் குடும்பப் பெயர் என்று தேடினால், பாவம், சாண்ட்லருக்குக் கிடைத்ததுபோல் அகராதியில் விடை கிடைக்காது.

ஊரைக் கண்டுபிடித்துவிட்டவர்களுக்கும் ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். பஞ்சம் பிழைக்கப் போன பூமி என்று கேட்டு வளர்ந்தவர்கள், மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் வந்து நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை வயல். முல்லைப் பெரியாறு அணை திறந்தது 1895-ல். அதற்கு முன்னால் கிளம்பிய முத்துசாமிகள் இந்தத் தண்ணீரைப் பார்த்ததே இல்லை. ஊரைக் கண்டுபிடிக்க முடியாதவர்கள், திரும்பிப் போகும் முன் மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தருகே இருக்கும் மதுரைவீரன் சந்நிதியில் நிற்கிறார்கள். அந்தச் சாமியை அவர்களுக்கு அடையாளம் தெரியும்.